வாசல் நோட்டு

முப்பது பக்கம் வரைக்கும் பாகீரதியின் கை எங்கும் நிற்கவில்லை. முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி பிடித்து நிறுத்திவிட்டது.

சாமானியக் கை இல்லை அது. ஃபோர்ட்டில் அவள் வேலை பார்த்த கப்பல் கம்பெனியில், பாகீரதியின் டைப்ரைட்டர் சத்தம் ஓய்ந்தால் லஞ்ச் மணி அடித்துவிட்டது என்று பியூன்கள் எழுந்து போவார்களாம். அப்பேர்ப்பட்டவள் சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்து, மான்குர்த் வண்டி பிடித்து, செம்பூரில் இறங்கி, கன்னியாஸ்திரிகள் நடத்துகிற குழந்தைகள் இல்லத்து வரவேற்பறையில் மெஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஸ்டென்சில் தாள் உருளையில் பாதி ஏறி நின்றது.

இல்லத்தின் தலைவி மதர் ஒதிலியா தம்முடைய சாய்ந்த கையெழுத்தில், ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்த வரி இது: 'இந்த ஐம்பது ஆண்டுகளில் தன் குழந்தையைத் தேடி வந்த எந்தத் தாயும் எங்கள் வாசலிலிருந்து வெறுங்கையோடு திரும்பியதில்லை.'

மதர் பொய் சொல்கிறவர் இல்லை. அதை அவர் மனசார நம்பித்தான் எழுதியிருந்தார். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் அதை டைப் அடிக்க வந்தவள்தான்.

நல்லடைக்கலச் சபையின் பொன்விழா அந்த வருஷம், 1965 ஆகஸ்டில். அதற்காக மதர் சபையின் சரித்திரத்தை எழுதிக்கொண்டிருந்தார். சைக்ளோஸ்டைல் போட்டு எல்லோருக்கும் கொடுப்பதாக ஏற்பாடு. 1915-இல் மூன்று வெள்ளைக்காரச் சிஸ்டர்கள் கப்பலிலிருந்து இறங்கியது, பைகுல்லாவில் வாடகை வீட்டில் தொடங்கியது, மூன்று வருஷம் கழித்து வந்த விஷக்காய்ச்சலில் ஒரே மாதத்தில் நாற்பது அநாதைக் குழந்தைகள் வந்து சேர்ந்து, பெஞ்சுக்கு இரண்டு பேராகப் படுத்தது, அந்த மூவரில் இருவர் அதே காய்ச்சலில் போனது, பிறகு செம்பூருக்கு வந்தது, துறைமுகத்தில் கப்பல் வெடித்த வருஷம் வந்த பதினோரு பெண்கள், பிரிவினையில் வந்த சிந்திக் குழந்தைகள் என்று எல்லாவற்றையும் பாகீரதி அடித்துக்கொண்டே வந்தாள். சில இடங்களில் கண்ணைத் துடைத்துக்கொண்டும் அடித்தாள். மாதுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுப் பெண்ணுக்கு, கர்த்தரோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாவிட்டாலும், அந்தச் சிஸ்டர்களின் உழைப்பு மனசைத் தொட்டது. தொட்ட அளவுக்குக் குத்தவும் செய்தது.

சரித்திரத்தில் ஒரு பக்கம் முழுக்க வழக்கங்கள் பற்றி வந்தது. அதில் ஒன்று: குழந்தையைக் கொண்டுவந்து விடுகிறவர் யாரோ, அவரே தம் கையால் பதிவேட்டில் விவரங்களை எழுத வேண்டும். பெயர், வயது, தகப்பன், தாய், கொண்டுவந்தவர் கையெழுத்து. எழுதத் தெரியாதவருக்கு மட்டும் சிஸ்டர் எழுதி, கைநாட்டு வாங்குவார். அப்புறம் அந்த எழுத்துதான் வேதம். இதற்குக் காரணம் இருந்தது. 1938-இல் ஒரு பெண்பிள்ளை வந்து, நான்தான் தாய் என்று அழுது புரண்டு ஒரு குழந்தையை வாங்கிக்கொண்டு போனாள். மூன்று மாதம் கழித்து அந்தக் குழந்தை ஸ்டேஷன் வாசலில் பிச்சைக்கு உட்கார்ந்திருந்ததை ஒரு சிஸ்டர் பார்த்தார். அன்றிலிருந்து, பதிவேடு என்ன சொல்கிறதோ அதற்கு மறுபேச்சு இல்லை.

அந்தப் பதிவேட்டில் 214-ஆம் எண்ணுக்கு நேராகப் பாகீரதியின் கையெழுத்து இருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், 1959-இல், அவர்கள் வீட்டில் பேராச்சி என்று ஒருத்தி பாத்திரம் தேய்த்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. தாராவியில் குடிசை. புருஷன் ஒருநாள் வேலைக்கென்று போனவன் போனவன்தான். மூன்று வயசுப் பெண், செண்பகவல்லி, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்து, சமையலறை மூலையில் உட்கார்ந்து ஒரு கரண்டியை வைத்து விளையாடும். பேராச்சி இருமத் தொடங்கினாள். இருமினதில் ரத்தம் வந்தது. பாகீரதிதான் அவளை சிவ்ரி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அந்த உதவியை யாரும் மறுக்க முடியாது. டாக்டர் பாகீரதியைத் தனியாகக் கூப்பிட்டு, "ரொம்ப முற்றிப்போச்சு, பார்க்கலாம்" என்று சொன்னார். அவர் உதட்டைப் பிதுக்கின விதத்தை வைத்துப் பாகீரதி மிச்சத்தைத் தானே முடிவு பண்ணிக்கொண்டாள்.

குழந்தையை என்ன செய்வது? "ஆத்துல எல்லாம் வச்சுக்க முடியாதுடீ, அது ஒட்டிக்கிற வியாதி" என்று அவள் அம்மா வாலாம்பாள் ஒரே பிடியாக நின்றாள். இந்த இல்லத்தில் அநாதைகளுக்கு உடனே இடம் உண்டு, தாயோ தகப்பனோ இருக்கிற குழந்தை என்றால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். பாகீரதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பதிவேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள்.

ஆபீஸில் முன்கூட்டியே எழுதிவைப்பது அவளுக்குப் பழக்கம். வெள்ளிக்கிழமை புறப்படப் போகிற கப்பலுக்குப் புதன்கிழமையே 'புறப்பட்டுவிட்டது' என்று கடிதம் அடித்து வைத்துவிடுவாள். கப்பல் எப்படியும் புறப்படத்தான் போகிறது. அதே கணக்கில்தான் இதையும் செய்தாள். இன்றைக்கோ நாளைக்கோ போகப் போகிறவள்தானே, நாலு நாள் முன்னால் எழுதினால் என்ன? 'தாய்' என்று போட்டிருந்த கட்டத்தில் 'இறந்துவிட்டார்' என்று முத்து முத்தான எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

கப்பல் புறப்படவில்லை. புதுசாக வந்திருந்த ஊசி பேராச்சிக்கு ஒத்துக்கொண்டது. இரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்து, பாதி உடம்பாகிப் பிழைத்து எழுந்தாள்.

எழுந்ததும் நேரே இல்லத்துக்குப் போனாள். அங்கிருந்து நேரே மாதுங்காவுக்கு வந்தாள்.

"யக்கா, புள்ளயத் தர மாட்டங்காவ. அவ ஆத்தா செத்துட்டான்னு நோட்டுல எழுதியிருக்காம். எந்தப் பாவி எழுதுனானோ தெரியல. நா இந்தா உசுரோட நிக்கேன், நிக்கேன்னு சொல்லுதேன், கேக்க மாட்டங்காவ."

வாசற்படியில் நின்று அவள் அழுததைப் பாகீரதி கேட்டாள். அந்த நிமிஷமே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பதிவேட்டின் அடியில் அச்சடித்திருந்தது அவளுக்கு நினைவு வந்தது. 'மேற்கண்டவை உண்மை என உறுதி கூறுகிறேன்.' ஆபீஸில் அப்போதுதான் அவள் வேலை நிரந்தரமாகும் நேரம். பொய் உறுதிமொழி, போலீஸ், மானேஜர், காலனியில் நாலு பேர் என்று ஏதேதோ கண்முன்னால் ஓடியது.

"ஏதோ தப்பு நடந்திருக்கு பேராச்சி. நான் எழுதிப் போடறேன். நீ கவலைப்படாதே" என்றாள்.

பேராச்சி அவளைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பாகீரதி எழுதவில்லை.

அப்புறம் பேராச்சி எப்போது வந்து கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருந்தது. எழுதியிருக்கேன், பதில் வரணும். பெரிய மதர் ஊரில் இல்லை. ரோமாபுரியிலிருந்து உத்தரவு வரணுமாம். ஆபீஸ் ஃபைலை நகர்த்தாமல் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்ட அத்தனை சாமர்த்தியத்தையும் அவள் ஒரு தாயிடம் காட்டினாள். வேலை நிரந்தரமாகி வருஷம் மூன்று ஆன பிறகும் காட்டினாள். அப்போது பயத்துக்குக் காரணமே இல்லை. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்ற வெட்கம்தான் மிச்சம். அந்த வெட்கத்துக்காக ஒரு குழந்தை அம்மா இல்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது. இது பாகீரதிக்குத் தெரியாமல் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் தெரியும், கோயிலில் கண்ணை மூடினால் தெரியும், ரயிலில் யாராவது குழந்தைக்குத் தலை வாரிவிட்டால் தெரியும்.

அதனால்தான் சரித்திரம் டைப் அடிக்க ஆள் தேடுகிறார்கள் என்று ஆபீஸில் ஒரு கிறிஸ்தவ நண்பர் சொன்னதும், நானே அடித்துத் தருகிறேன் என்று முந்திக்கொண்டாள். உள்ளே நுழைந்துவிட்டால், ஓசைப்படாமல் சரிசெய்ய ஒரு வழி கிடைக்காமலா போகும் என்று நப்பாசை. ஆறு சனிக்கிழமை போய்விட்டது. வழி கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. அவள் தேடவில்லை.

வரவேற்பறை மேஜையில் இன்று மூன்று பொருள்கள் கிடந்தன. எண்ணிக்கைகளைச் சரிபார்க்க மதர் அனுப்பியிருந்தார். ஒன்று அந்தப் பதிவேடு. இன்னொன்று வாசல் நோட்டு, அதாவது கேட்டுக்கு வருகிற ஒவ்வொருவரையும் வாசலில் இருக்கும் சிஸ்டர் தெக்லா குறித்து வைக்கிற நீளமான நோட்டு. மூன்றாவது ஒரு தாள். யாருமற்ற பெண்கள் ஒன்பது வயசு தாண்டினால் சபையின் மங்களூர் இல்லத்துக்குப் போய்விடுவார்கள். ஜூன் முதல் வாரம் அப்படிப் போகிற பன்னிரண்டு பேரின் பெயர்கள் அதில் இருந்தன. ஐந்தாவது பெயர் சம்பா. செண்பகவல்லி என்ற பெயர் சிஸ்டர்களின் வாயில் நுழையாமல் சம்பாவாகியிருந்தது.

பாகீரதி வாசல் நோட்டைப் புரட்டினாள். புரட்டியிருக்கக் கூடாது. 1961 அக்டோபர், முதல் ஞாயிறு: 'மதராஸிப் பெண், 214-இன் தாய் என்கிறாள். அனுப்பிவிட்டேன்.' நவம்பர், முதல் ஞாயிறு: 'அதே பெண். அனுப்பிவிட்டேன்.' டிசம்பர்: 'அதே பெண்.' அப்புறம் வருஷக்கணக்காக 'அதே பெண்', 'அதே பெண்' என்று வந்துகொண்டே இருந்தது. ஒரு ஜூலையில் மட்டும் இல்லை. அந்த வாரம் மழையில் ரயில் ஓடவில்லை. எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தொரு தடவை.

மாதுங்காவுக்கு வந்து கேட்பதைப் பேராச்சி எப்போதோ குறைத்துக்கொண்டிருந்தாள். மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று பாகீரதி தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள்.

பர்ஸைத் திறந்தாள். டைப் அடிக்கிறவர்களிடம் எப்போதும் ஒரு பாதி பிளேடு இருக்கும், கார்பன் பிரதியில் தப்பைச் சுரண்டி எடுக்க. காகிதத்தில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்தாள். பதிவேட்டைத் திறந்து 214-க்கு வந்தாள். ஆங்கிலத்தில் 'டெட்' என்று நாலே எழுத்து. சுரண்டிவிட்டு 'ஆஸ்பத்திரியில்' என்று எழுதிவிட்டால் போதும். அதே கை, அதே எழுத்து, மசியும் அதே நீலம். நாளைக்குப் பேராச்சி வரும்போது யாராவது பதிவேட்டைப் பார்ப்பார்கள், அடடா என்பார்கள், குழந்தை தாயிடம் போய்விடும். யாரும் யாரிடமும் தலைகுனிய வேண்டாம்.

முதல் எழுத்தின் வளைவில் பிளேடை வைத்து இரண்டு சுரண்டு சுரண்டினாள்.

"டீ ஆறிவிடப் போகிறது" என்று குரல் கேட்டது. சிஸ்டர் தெக்லா தட்டோடு உள்ளே வந்தார். பாகீரதி உள்ளங்கையில் பிளேடை மூடிக்கொண்டாள்.

சிஸ்டர் தெக்லா கோவாக்காரர். அறுபது வயசு. இருபது வருஷமாக வாசல்தான் அவர் வேலை. கால் வீக்கம் தாங்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். "மிஸ் பாகீரதி, ஒரு உதவி வேண்டும். நீங்களும் மதராஸி. நாளைக்கு முதல் ஞாயிறு. ஒரு பெண் வருவாள், பைத்தியக்காரி. எங்கள் சம்பாவைத் தன் மகள் என்கிறாள். அவள் இந்தி எனக்குப் பாதிதான் புரிகிறது. சம்பா மங்களூர் போகப் போகிறாள், இனிமேல் வந்து பிரயோஜனமில்லை என்று உங்கள் பாஷையில் நீங்கள் அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். தயவாகச் சொல்லுங்கள்."

பாகீரதி பிளேடு மூடின கையை மேஜைக்கடியில் இறக்கிக்கொண்டாள்.

"ஒவ்வொரு தடவையும் பொரிகடலை உருண்டை கொண்டுவருவாள்" என்று சிஸ்டர் தொடர்ந்தார். "வாங்கிக் குழந்தையிடம் கொடுத்துவிடுவேன். அது விதிப்படி சரியா என்று தெரியாது. சில நாள் ராத்திரி எனக்கு ஒரு பயம் வரும். ஒருவேளை அவள் சொல்வது நிஜமாக இருந்தால்? நாற்பது தடவை ஒரு தாயை விரட்டினவள் ஆகிவிடுவேனே நான்? இந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். பதிவேடு இருக்கிறதல்லவா, கலங்காதே என்றார். பதிவேடு இருப்பதால்தான் தூங்குகிறேன்."

அவர் எழுந்து காலை இழுத்துக்கொண்டு போன பிறகு பாகீரதி உள்ளங்கையைத் திறந்தாள். பிளேடு லேசாகக் கீறியிருந்தது. பதிவேட்டில் முதல் எழுத்து தோல் உரிந்து நின்றது, ஆனாலும் படிக்க முடிந்தது. அவள் சுரண்டி எழுதிவிட்டால், தாய் உயிரோடிருக்கிறாள் என்று பதிவேடு முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்ததாக ஆகும். அப்புறம் அந்தக் கிழவி ஒவ்வொரு ராத்திரியும் எழுந்து உட்கார்ந்திருப்பாள். தன் பாவத்தைத் துடைக்க இன்னொருத்தி தலையில் தேய்க்கிற காரியம் இது. ஒருத்திக்குச் செய்தது போதும் என்று பாகீரதி பிளேடைப் பர்ஸில் வைத்து மூடினாள். முப்பத்தோராம் பக்கத்தை அடிக்காமலே கிளம்பினாள்.

மறுநாள் காலையில் அவள் காபியைத் தொடவில்லை.

"ஏண்டி பாகீ, முகமெல்லாம் வெளிறிக் கெடக்கு? ஞாயித்துக்கிழமை கூட எங்க கெளம்பிண்டிருக்கே?" என்றாள் வாலாம்பாள்.

"பேராச்சியைப் பாக்கப் போறேம்மா."

"பேராச்சியையா? அவ கொழந்தை இன்னும்..." வாலாம்பாள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். மகளிடம் எதுவும் கேட்காமலிருப்பதில் அவளும் ஆறு வருஷம் பழகியிருந்தாள்.

பாகீரதி செம்பூரில் இறங்கி நடந்தபோது இல்லத்து கேட் திறந்திருந்தது. குழந்தைகள் பூசை முடிந்து வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கேட்டுக்கு வெளியே, மஞ்சணத்தி மரத்தடியில் பேராச்சி நின்றிருந்தாள். ஆண்டாப் ஹில்லில் நாலு வீட்டில் வேலை முடித்துவிட்டு நேரே வந்திருப்பாள் போலிருக்கிறது, புடவையின் கீழ்ப்பாகம் ஈரமாக இருந்தது. கையில் காகிதப் பொட்டலம். பாகீரதியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, அதைவிட அவள் ஓங்கி அறைந்திருக்கலாம்.

"யக்கா! நீங்களே வந்துட்டியளா! பதில் வந்துட்டாக்கா?"

சிஸ்டர் தெக்லா வாசல் நோட்டோடு எழுந்து வந்தார். ஆறுதலாக, "சொல்லுங்கள், சொல்லுங்கள்" என்று பாகீரதிக்குத் தலையாட்டினார்.

பாகீரதி இருவருக்கும் நடுவில் நின்றாள். இரவெல்லாம் அழகாகச் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றுகூட வரவில்லை.

"பதில் வரலை பேராச்சி. நான் எழுதவே இல்லை."

"எழுதலியா?"

"ஒரு கடுதாசிகூட எழுதலை. நோட்டுல நீ செத்துட்டேன்னு எழுதினதும் நான்தான். எந்தப் பாவின்னு கேட்டியே, அது நான்தான்."

பேராச்சி பொட்டலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நா உசுரோட இருக்கயிலயா எழுதுனிய?"

"ஆமாம்."

"நா ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, யக்கா இருக்காவ, எம்புள்ளயப் பாத்துக்கிடுவாவன்னு கெடந்தனே, அப்பயா?"

"ஆமாம்."

பாகீரதி சிஸ்டரிடம் திரும்பி அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். "இவள் பைத்தியம் இல்லை, சிஸ்டர். இவள்தான் தாய். பதிவேட்டில் பொய் எழுதினது நான். உங்கள் பேரில் எந்தத் தப்பும் இல்லை." சிஸ்டர் தெக்லா சிலுவை போட்டுக்கொண்டார். அவர் கையிலிருந்த நோட்டு கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூடக் குனியாமல், வீங்கின காலோடு மதரைக் கூப்பிட ஓடினார்.

மதர் ஒதிலியா வந்து அவர்களைக் கேட்டுக்குள் அழைத்துக்கொண்டார். கத்தவில்லை. போலீஸ் என்ற பேச்சே எடுக்கவில்லை. அத்தனை வருஷம் பயந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று. பேராச்சி தன் சுருக்குப்பையிலிருந்து, மடித்து மடித்து நைந்துபோன ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினாள். குணமாகி வெளியே வந்த தேதி, பெயர், அடையாளம் எல்லாம் அதில் இருந்தது. நாலு வருஷமாக அவள் அதை ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்திருக்கிறாள். பதிவேடு இருந்ததால் யாரும் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. மதர் அதைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். பிறகு பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார்.

214-ஆம் எண்ணைத் திறந்ததும், சுரண்டின எழுத்து அவர் கண்ணில் பட்டது. பாகீரதியை நிமிர்ந்து பார்த்தார்.

"நேற்று நான்தான் சுரண்டினேன் மதர். முடிக்கவில்லை."

"கொண்டுவந்தவர் கையால்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் வழக்கம்" என்றார் மதர். "அடித்துவிட்டு எழுது. சுரண்டாதே. முன்னால் என்ன எழுதினாய் என்பது தெரியும்படி அடி."

பாகீரதி ஒரே ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் எழுதினாள்: 'உயிருடன் இருக்கிறார். முதலில் எழுதியது பொய். பி. பாகீரதி.' எழுத்து கோணல்மாணலாக வந்தது. பேராச்சி கட்டைவிரலில் மசி தடவி அதன் கீழே வைத்தாள்.

சம்பாவைக் கூட்டிவந்தார்கள். ஒன்பது வயசுக்கு நெட்டையாக, இரண்டு பின்னல் போட்டு, முழங்காலில் சிராய்ப்போடு இருந்தாள். தமிழ் அவளுக்கு ஒன்றிரண்டு சொல்தான் மிச்சம். பேராச்சியைப் பார்த்ததும், "அரே, லட்டூவாலி!" என்று சிரித்தாள். மாதாமாதம் கேட்டருகில் நிற்கும் உருண்டைக்காரியை ஜன்னல் வழியாக அவளுக்குத் தெரிந்திருந்தது.

சிஸ்டர் தெக்லா மண்டியிட்டு உட்கார்ந்து, அவளிடம் மெதுவாக இந்தியில் சொன்னார். சம்பாவின் சிரிப்பு நின்றது. அவள் பேராச்சியைப் பார்த்தாள், மதரைப் பார்த்தாள். கல்லறைத் திருநாள் என்று ஒன்று அந்த இல்லத்தில் உண்டு. நவம்பர் இரண்டாம் தேதி ஒவ்வொரு குழந்தையும் தன் செத்துப்போனவர்களுக்காகச் சிற்றாலயத்தில் ஒரு மெழுகுவத்தி ஏற்றும். அணையும் வரை பக்கத்திலேயே முழங்காலில் நிற்கும். அந்தச் சிராய்ப்பு வேறு எதனாலோ வந்தது, ஆனாலும் பாகீரதியின் கண் அங்கேயே நின்றது.

"என் அம்மா செத்துட்டா" என்றாள் குழந்தை இந்தியில், பிடிவாதமாக. "அஞ்சு வருஷம் மோம்பத்தி ஏத்தியிருக்கேன். இவங்க என் அம்மான்னா, அதெல்லாம் நான் யாருக்கு ஏத்தினேன்?"

சிஸ்டர் தெக்லா அழுதுகொண்டிருந்தார். பதில் சொல்ல வேண்டியவள் பாகீரதிதான்.

பேராச்சிதான் பேசினாள். குழந்தையின் முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள்.

"எனக்குத்தாம்ளா ஏத்துன" என்றாள். குழந்தைக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், இந்த வாசலுக்காகவே கற்றுக்கொண்ட உடைசல் இந்தியில் மறுபடி சொன்னாள். "மேரே வாஸ்தேச் ஜலாயா. இஸ்லியே தோ மை பச் கயா."

எனக்காகத்தான் ஏற்றினாய், அதனால்தான் பிழைத்தேன். சம்பா அதை யோசித்துப் பார்த்தாள். சரியென்று பட்டிருக்க வேண்டும். கையை நீட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். வாங்கின கையைப் பேராச்சி பிடித்துக்கொண்டபோது உதறவில்லை. அந்த ஒரு பதிலில் குழந்தையின் ஐந்து வருஷத்தைப் பேராச்சி வீணாகாமல் காப்பாற்றிக் கொடுத்துவிட்டாள். அந்தப் பதிலில் பாகீரதியின் பேரே இல்லை.

"பேராச்சி" என்று பாகீரதி ஓரடி எடுத்து வைத்தாள். மன்னிப்பு என்ற சொல்லை எடுக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. திட்டினால் நன்றாயிருக்கும். காறித் துப்பினாலும் வாங்கிக்கொண்டு போகலாம். "ஏதாவது சொல்லு பேராச்சி. வாயில வந்ததைச் சொல்லு."

பேராச்சி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. அவள் மகளின் பின்னலில் அவிழ்ந்திருந்த ரிப்பனைக் கட்டுவதில் முனைந்திருந்தாள்.

"நீங்க போங்கம்மா" என்றாள். "வண்டிக்கு நேரமாவுது."

யக்கா என்றுதான் அவள் எப்போதும் கூப்பிடுவாள். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட வேறு மாதிரி கூப்பிட்டதில்லை.

பாகீரதி கேட்டைத் தாண்டினாள். கீழே விழுந்த வாசல் நோட்டு இன்னும் மண்ணில் கிடந்தது. எடுத்துத் தட்டி, சிஸ்டர் தெக்லாவின் நாற்காலியில் வைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக இன்னும் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவள் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள்.